கொங்குப் பட்டறைகள் சேர்ந்து தொழில் பழக்குவது எப்படி? வட்டார ஒத்துழைப்பு வலையமைப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை சிட்கோ தொழிற்பேட்டையிலோ கணபதியிலோ பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறைக்குப் போய், "புதுப் பையன்களை எடுத்து ஏன் தொழில் பழக்குவதில்லை?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "ஆறு மாசம் மெனக்கெட்டுப் பழக்கி விடறமுங்க. மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிஞ்ச அடுத்த மாசமே பக்கத்துப் பட்டறைக்காரங்க ரெண்டாயிரம் சேத்துக் கொடுத்துக் கூட்டிட்டுப் போயிடறாங்க. அப்புறம் எதுக்குங்க?"

அவர் சொல்வதில் தப்பில்லை. தனியாகப் பழக்குகிறவர் செலவு செய்கிறார், பழக்காதவர் பலன் பெறுகிறார். அதனால் யாரும் பழக்குவதில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து "ஆள் கிடைக்கலீங்க" என்கிறார்கள். இன்னொரு பக்கம், ஐடிஐ முடித்த பையன் வேலை தேடி நான்கு பட்டறை ஏறி இறங்குகிறான். அனுபவம் கேட்கிறார்கள், அனுபவத்தை யாரும் தருவதில்லை. கடைசியில் உணவு டெலிவரிக்கு வண்டி ஓட்டப் போய்விடுகிறான்.

தனித்தனியாக நின்றால் இந்தச் சிக்கல் தீரவே தீராது. பழக்கும் செலவையும் பழகியவரால் வரும் பலனையும் ஒரு வட்டாரமே பங்குபோட்டுக்கொண்டால் தீரும். தொழிற்கல்வியில் வட்டார ஒத்துழைப்பு வலையமைப்பு என்பது இதுதான். அதை கொங்கு நாட்டில் எப்படிக் கட்டுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். சங்க நிர்வாகிகள், பட்டறை உரிமையாளர்கள், ஐடிஐ, பாலிடெக்னிக் ஆசிரியர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இது நம் ஊருக்குப் புதிய பழக்கம் இல்லை. 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பைத் தனிப்பட்ட சிறு பட்டறை எதுவும் செய்திருக்க முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பங்கு போட்டுத்தான் பலர் மீண்டார்கள். ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியில் 1997-ல் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி திருப்பூரில் வந்தது. அதற்கெல்லாம் முன்பே, 1956-ல், பஞ்சாலைகள் சேர்ந்து கோவையில் சிட்ரா ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்கின. ஆராய்ச்சியையும் கழிவுநீரையும் பொதுவில் வைத்த நாம், தொழில் பழக்குவதை மட்டும் ஏன் அவரவர் தலையெழுத்து என்று விட்டுவிட்டோம்?

படி 1: எல்லையைத் தொழிலை வைத்துப் போடுங்கள்

அரசுத் திட்டங்கள் மாவட்டம் மாவட்டமாக வரும். தொழில் அப்படி நடப்பதில்லை. ஒரு பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் கோவை, உடுமலைப் பக்கத்து மில்லில் இருந்து வருகிறது. திருப்பூரில் நிட்டிங் ஆகிறது. சாயம் திருப்பூரிலோ பெருந்துறையிலோ ஏறுகிறது. தையல் அவிநாசி, பல்லடம், தாராபுரம் வரை பரவிக் கிடக்கிறது. விசைத்தறியும் அப்படித்தான். சோமனூர் கோவை மாவட்டத்தில், பல்லடம் திருப்பூர் மாவட்டத்தில். தறி ஒன்று, பாவு ஒன்று, ஆனால் கோப்பு இரண்டு அலுவலகத்தில்.

அதனால் முதலில் ஒரே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள். கோவையில் பம்பு, வார்ப்பு, மெஷினிங் சேர்ந்த தொடர். திருப்பூரில் பின்னலாடை. கரூரில் வீட்டு ஜவுளி அல்லது பஸ் பாடி. நாமக்கல், திருச்செங்கோட்டில் லாரி பாடி, ரிக் (போர்வெல் வண்டி). பொள்ளாச்சியில் தென்னை நார். நாமக்கல்லிலும் பல்லடத்திலும் கோழிப்பண்ணை. எல்லாத் தொழிலையும் ஒரே குடைக்குள் கொண்டுவர நினைத்தால், கூட்டம் கூடி டீ குடித்துக் கலைவதோடு முடிந்துவிடும்.

தூரத்துக்கு ஓர் எளிய அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். பழகுநர், அதாவது தொழில் பழகும் பிள்ளை, தன் வீட்டிலிருந்து வலையமைப்பின் எந்தப் பட்டறைக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பஸ்ஸில் போய்ச் சேர வேண்டும். அதைத் தாண்டினால் விடுதி தேவைப்படும். விடுதி வந்தால் செலவும் பொறுப்பும் வேறு அளவுக்குப் போய்விடும்.

படி 2: தேவையைப் படிவத்தில் கேட்காதீர்கள், பட்டறைக்குள் போய்க் கேளுங்கள்

"உங்களுக்கு எத்தனை ஆள் வேண்டும்?" என்று வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்பினால் எல்லோரும் பத்து, இருபது என்று நிரப்பி அனுப்புவார்கள். அந்த எண்ணை வைத்து ஒரு பாடமும் எழுத முடியாது. இருபது பட்டறையைத் தேர்ந்தெடுத்து, ஐடிஐ பயிற்றுநர் ஒருவரும் தொழில் தெரிந்த ஒருவருமாக இரண்டு பேர் சேர்ந்து போங்கள். உரிமையாளரோடு ஃபோர்மேனிடமும் பேசுங்கள். எந்த எந்திரம் ஆள் இல்லாமல் நிற்கிறது? போன மாதம் எந்த ஜாப் திரும்பி வந்தது, ஏன்? அடுத்த ஐந்து வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர் யார், அவர் கையில் மட்டும் இருக்கும் வேலை எது? புதிதாக வந்த பையனை முதலில் எந்த வேலைக்கு விடப் பயப்படுகிறீர்கள்? இந்த நான்கு கேள்வி போதும்.

இப்படிக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். "சிஎன்சி ஆபரேட்டர் வேணும்" என்று, அதாவது கணினி இயக்கும் எந்திரத்துக்கு ஆள் கேட்டுத் தொடங்கியவர், பேசப் பேச, பட்டனை அழுத்த ஆள் இருக்கிறது, டிராயிங் படித்து டூல் ஆஃப்செட் (கருவியின் அளவுத் திருத்தம்) போடத்தான் ஆள் இல்லை என்பார். பனியன் கம்பெனியில் டெய்லர் பற்றாக்குறை என்று ஆரம்பித்த பேச்சு, ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷினைச் சரிசெய்யும் மெக்கானிக் ஒருவர் நான்கு கம்பெனிக்கு அலைகிறார் என்பதில் போய் நிற்கும். ஃபவுண்டரியில் (வார்ப்புப் பட்டறையில்) அச்சு எடுக்கும் மோல்டரைவிட மணல் சோதனை தெரிந்தவர் கிடைப்பது கடினமாக இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பயிற்சி. "திறன் இடைவெளி" என்ற ஒரே சொல்லுக்குள் இவற்றை அடக்கிவிட்டால், கடைசியில் பழையபடி கணினி அடிப்படைப் பாடம்தான் நடக்கும்.

படி 3: சிறு குழு, ஒரு பக்க ஒப்பந்தம்

எட்டு முதல் பதினைந்து பட்டறை போதும். அதோடு அருகிலுள்ள ஓர் அரசு ஐடிஐ, ஒரு பாலிடெக்னிக், தொழில் சங்கம், மாவட்டத் தொழில் மையம், திறன் பயிற்சி அலுவலகம். தொழிலாளர் தரப்பிலிருந்தும் ஒருவர் வேண்டும். இவரைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். முதலாளியும் அரசும் மட்டும் உட்கார்ந்து பேசினால், பழகுநரின் வேலை நேரத்தையும் பாதுகாப்பையும் பற்றிப் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்தின் நடுநாயகம் ஆள் இழுக்கும் பிரச்சினைதான். அதற்கு இரண்டு வழி உண்டு, ஒன்று தவறானது. பழகுநரிடம் "மூன்று வருடம் இங்கேதான் இருப்பேன்" என்று எழுதி வாங்குவது, அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பது, கடைசியில்தான் பணம் தருவேன் என்பது எல்லாம் தவறான வழி. எங்கே வேலை செய்வது என்பது அந்தப் பிள்ளையின் உரிமை, அதில் கை வைக்கவே கூடாது.

சரியான வழி, கட்டுப்பாட்டை முதலாளிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்வது. பயிற்சிக் காலத்தில் ஒருவர் பழகுநரை இன்னொருவர் வேலைக்கு அழைக்கக் கூடாது. பயிற்சி முடிந்தபின் யார் எடுத்தாலும் சரி. ஆனால் பழக்கிய பட்டறை அல்லாத வேறோர் உறுப்பினர் பட்டறை எடுத்தால், முன்கூட்டி ஒத்துக்கொண்ட ஒரு தொகையை எடுத்த பட்டறை பொது நிதிக்குக் கட்ட வேண்டும். அந்தத் தொகையைப் பழகுநரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பதையும் எழுத்தில் வையுங்கள். பணம் பொது நிதிக்குப் போவதால் அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கு உதவும், சண்டையும் வராது.

நம் ஊரில் தீபாவளி போனஸ் வாங்கியபின் கம்பெனி மாறுவது வழக்கம். பயிற்சிக் காலம் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் முடியும்படி வைத்தால், பிள்ளைகள் போய்விடுவார்கள் என்ற பயம் உரிமையாளருக்குக் கூடும். தை பிறந்தபின் முடியும்படி வைப்பது நல்லது. ஆனால் ஐடிஐயின் கல்வியாண்டு அதற்கு ஒத்துவருகிறதா என்று முதல்வரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒப்பந்தத்தில் மற்றவை சுருக்கமாக இருக்கட்டும்: ஒவ்வொரு பட்டறையும் எத்தனை பேரை ஏற்கும், மாதச் சந்தா எவ்வளவு, விலக எத்தனை மாத முன்னறிவிப்பு, தகராறு வந்தால் யாரிடம் போவது.

படி 4: ஒருங்கிணைப்பாளரை முதல் நாளிலேயே நியமியுங்கள்

பெரும்பாலான கூட்டு முயற்சிகள் நல்லெண்ணம் குறைந்து படுப்பதில்லை. தொலைபேசி எடுக்க ஆளில்லாமல் படுக்கின்றன. சங்கச் செயலாளர் தன் தொழிலைப் பார்த்தபடியே இதையும் பார்ப்பார் என்று விட்டுவிட்டால் மூன்றாவது மாதம் எல்லாம் நின்றுவிடும்.

நார்வேயில் இதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் நிறுவனங்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு பயிற்சி அலுவலகம் வைத்துக்கொள்கின்றன. பழகுநரோடு ஒப்பந்தம் போடுவது, அரசு மானியத்தைப் பெறுவது, பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அந்த அலுவலகத்தின் பொறுப்பு. சிறு நிறுவனம் பழக்கினால் மட்டும் போதும், காகித வேலை அதன் தலையில் விழாது. ஆஸ்திரேலியாவில் குழுப் பயிற்சி அமைப்புகளே பழகுநரை வேலைக்கு எடுத்துக்கொண்டு, நிறுவனம் நிறுவனமாக அனுப்புகின்றன. ஒரு நிறுவனத்தில் ஆர்டர் குறைந்தாலும் பயிற்சி நடுவில் அறுந்துபோகாமல் வேறு இடத்துக்கு மாற்றிவிடுகின்றன. ஜெர்மனியின் தொழிற்பயிற்சிச் சட்டம் பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே பழகுநருக்குப் பயிற்சி தருவதை ஏற்கிறது. சிறு நிறுவனம் கற்றுத்தர முடியாத பாடங்களுக்கென்று அங்கே பொதுப் பயிற்சி மையங்களும் உண்டு.

நமக்கு நார்வே மாதிரிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். இங்கே தொழில் சங்கங்கள் ஏற்கெனவே வலுவாக இருக்கின்றன. கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியா 1969 முதல் இயங்குகிறது, திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990 முதல். புதிய அமைப்பைப் பதிவு செய்து காலம் கடத்தாமல், இருக்கும் சங்கம் ஒன்றில் ஒரு மேஜை போட்டுத் தொடங்கலாம்.

யாரை நியமிப்பது? பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுத்து வேலையும் தெரிந்தவர் என்றால் மிகப் பொருத்தம். வாரத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு பழகுநரையும் வேலை இடத்தில் நேரில் பார்ப்பது அவருடைய முதல் கடமை. எம்பிஏ படித்த இளைஞரைவிட, ஃபோர்மேன் "வாங்கண்ணா, உக்காருங்க" என்று நாற்காலி இழுத்துப் போடும் ஒருவர் இந்த வேலையை நன்றாகச் செய்வார்.

படி 5: சுழற்சித் திட்டம்

முழு வலையமைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சிறு பட்டறையில் ஒரே மாதிரி வேலைதான் நடக்கும். இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கடையும் இடத்தில் நாள் முழுவதும் இம்பெல்லர்தான். அங்கே ஒரு வருடம் இருக்கும் பையனுக்கு இம்பெல்லர் தெரியும், பம்பு தெரியாது. ஆனால் பத்துப் பட்டறையைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அதுவே ஒரு முழுப் பம்புத் தொழிற்சாலை. நம் வட்டாரத்தின் பலமே அதுதான். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் பல முதலாளிகள் சேர்ந்து பயிற்சி தருவதற்கு இடம் கொடுக்கிறது.

பம்புத் தொழிலில் ஒரு வருடப் பயிற்சியை இப்படி அமைக்கலாம். முதல் இரண்டு மாதம் ஐடிஐயில் அல்லது பொதுப் பயிற்சிக் கூடத்தில்: வெர்னியர், மைக்ரோமீட்டர், டிராயிங் படிப்பது, அரம் பிடிப்பது, பாதுகாப்பு. மூன்றாவது, நான்காவது மாதம் ஃபவுண்டரி. பேட்டர்ன், கோர், மோல்டிங் என்ற அச்சு வேலைகளைக் கையால் செய்ய வேண்டும். உலோகம் உருக்குவதையும் ஊற்றுவதையும் தள்ளி நின்று பார்த்தால் போதும், பழகுநரை அதில் இறக்கக் கூடாது. ஐந்து முதல் ஏழு வரை மெஷினிங்: முதலில் சாதா லேத், பிறகு சிஎன்சி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கையால் கடைந்து பார்த்தவருக்குத்தான், டூல் கத்தும்போது எங்கே தப்பு என்று காது சொல்லும். எட்டு, ஒன்பதில் மோட்டார் வைண்டிங், அசெம்பிளி. பத்தாவது மாதம் டெஸ்ட் பெஞ்ச்: எத்தனை மீட்டர் ஹெட்டில் (உயரத்துக்கு) எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளந்து இந்தியத் தர நிர்ணயத்தோடு ஒப்பிடுவது. தான் மூன்றாவது மாதம் செய்த வார்ப்பில் இருந்த ஒரு சிறு சொரசொரப்பு பத்தாவது மாதம் தள்ளும் தண்ணீரின் அளவைக் குறைப்பதை அந்தப் பெண்ணோ பையனோ கண்ணால் பார்க்கும்போது, தரம் என்பது என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு மாதம், தன்னைச் சேர்த்துக்கொண்ட தாய்ப் பட்டறைக்குத் திரும்பித் தனியாக ஒரு ஜாப்பை முடிக்க வேண்டும்.

இது நடக்க மூன்று விஷயங்கள் தேவை. ஒன்று, ஒவ்வொரு பட்டறையிலும் பழக்குகிறவர் யார் என்று பெயர் குறிப்பிட வேண்டும். "எல்லாரும் பாத்துக்குவாங்க" என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அவருக்கு மாதம் ஒரு சிறு தொகை தனியாகக் கொடுங்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர் என்றால் சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு அவர் கூலி குறையும், அதை ஈடு செய்யாமல் அவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டு, பழகுநர் கையில் ஒரு குறிப்பேடு. என்ன செய்தேன், எந்த அளவு தப்பியது, யார் சரிபார்த்தார் என்று வாரம் ஒரு பக்கம், தமிழில். மூன்று, ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நாளில் பழையவர், புதியவர், ஒருங்கிணைப்பாளர் மூவரும் பத்து நிமிடம் பேசிக் கைமாற்ற வேண்டும்.

பின்னலாடையில் இதே முறையை நிட்டிங், சாய ஆய்வகம், கட்டிங், தையல், செக்கிங், மெஷின் பராமரிப்பு என்று மாற்றிக்கொள்ளலாம். ஏற்றுமதி அவசரம் உள்ள வாரங்களில் பழகுநரை பேக்கிங்குக்கு இழுத்துவிடும் ஆசை வரும். அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு வையுங்கள்.

படி 6: பயிற்றுநர்களும் பட்டறைக்குப் போகட்டும்

ஐடிஐ பயிற்றுநர்கள் பலர் திறமைசாலிகள். ஆனால் பணியில் சேர்ந்த வருடத்து எந்திரங்களோடு அவர்கள் அனுபவம் நின்றுபோக நாம் விட்டுவிடுகிறோம். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் உறுப்பினர் பட்டறையில் வேலை செய்ய அவர்களுக்கு ஏற்பாடு செய்யுங்கள். பார்வையாளராக உட்கார வைக்காமல் எந்திரத்தில் நிற்க வையுங்கள். மறுபக்கம், பட்டறை ஃபோர்மேன்கள் மாதம் ஒருநாள் ஐடிஐக்கு வந்து ஒரு செய்முறை வகுப்பு நடத்தட்டும். இதற்குத் துறையின் அனுமதி தேவை, அதைத் திறன் பயிற்சி அலுவலகம் வழியாக எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 7: இருக்கும் எந்திரத்தைப் பகிருங்கள்

புதிதாகக் கட்டடம் கட்டுவதில் ஆர்வம் காட்டாதீர்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகள் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877.43 கோடி ரூபாய்த் திட்டத்தில் நான்காம் தொழிற்புரட்சி (தொழில் 4.0) தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தப்பட்டன. கொங்குப் பகுதியிலும் அந்த மையங்கள் இருக்கின்றன. ரோபோ, நவீன சிஎன்சி எந்திரங்கள் அங்கே உள்ளன. மாலையிலும் சனிக்கிழமையிலும் அந்த எந்திரங்களில் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் பயிற்சி தர வலையமைப்பு கேட்க வேண்டும். வார்ப்புச் சோதனைக்கும் மோட்டார் சோதனைக்கும் கோவையில் சிட்டார்க் போன்ற பொது ஆய்வகம் இருக்கிறது. ஒரு பட்டறை கேட்டால் தயங்கும் இடத்தில் பதினைந்து பட்டறை சேர்ந்து கேட்டால் கதவு திறக்கும்.

மத்திய அரசின் பி.எம். சேது திட்டம் 2025 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 60,000 கோடி ரூபாயில் நாடு முழுக்க 1,000 அரசு ஐடிஐகளை மேம்படுத்தும் திட்டம் இது. 200 ஐடிஐகள் மையமாகவும் 800 ஐடிஐகள் அவற்றோடு இணைந்த கிளையாகவும் இயங்கும், நிர்வாகத்தில் தொழில்துறைக்குப் பங்கு உண்டு. இங்கே ஒரு கவலை இருக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று பங்காளியாக வந்து உட்கார்ந்தால் பாடம் அதன் தேவைக்கே வளைந்துவிடலாம். நம் வட்டாரத்தில் வேலை தருவது பெரும்பாலும் சிறு பட்டறைகள். அவை ஒரே குரலில் பேசும் அமைப்பாகத் திரண்டிருந்தால்தான் அந்த மேஜையில் இடம் கிடைக்கும்.

படி 8: சட்டமும் பணமும்

முப்பது அல்லது அதற்கு மேல் ஆள் உள்ள நிறுவனங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். நான்கு முதல் இருபத்தொன்பது பேர் உள்ள இடங்களுக்கு இது விருப்பம். கோவை ஜாப் ஆர்டர் பட்டறைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். சட்டம் வற்புறுத்தாத இடத்தில் சக பட்டறைகளின் உறுதிமொழிதான் வேலை செய்யும் என்பதால், படி 3-ல் அவ்வளவு நேரம் செலவழித்தோம்.

2016-ல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், பழகுநருக்கு மாதந்தோறும் தரும் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு பழகுநரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகச் செலுத்துகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத உதவித்தொகை 8,000 ரூபாய் என்றால் 25 சதவீதம் 2,000. வரம்பு 1,500 என்பதால் பட்டறையின் கையிலிருந்து போவது 6,500. பழக்குகிறவருக்கான தொகை, ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தில் பங்கு இரண்டையும் இதோடு சேர்த்து உறுப்பினர்களிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுங்கள். உதவித்தொகை விகிதமும் வரம்பும் அவ்வப்போது திருத்தப்படும், ஒப்பந்தம் பதியும் நாளில் அரசின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐடிஐயில் படிக்கும்போதே பட்டறைப் பயிற்சி தர வேண்டுமென்றால் 2016 முதல் உள்ள இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. ஐடிஐயும் தொழில் நிறுவனமும் ஒப்பந்தம் போட்டுப் பாடத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பயிற்சியில் காயம் பட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளியுடையது. பழகுநர் நான்கு பட்டறை சுற்றும்போது "அன்றைக்கு அவன் எங்களிடம் இல்லை" என்ற பேச்சு வரக் கூடாது. எல்லோருக்கும் சேர்த்து ஒரு விபத்துக் காப்பீடு எடுத்து, எந்தத் தேதியில் யார் எங்கே என்ற பதிவை ஒருங்கிணைப்பாளர் வைத்திருக்க வேண்டும்.

படி 9: பிள்ளைகளை மரியாதையோடு வரவேற்பது

இதைப் பின்னால் வைத்தாலும் என் மனதில் முதலில் நிற்பது இதுதான். பழகுநர் என்ற பெயரை நம் பகுதியிலேயே கெடுத்து வைத்திருக்கிறோம். பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை மூன்று வருடம் "பயிற்சியாளர்" என்று வைத்து, கல்யாணச் செலவுக்குக் கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லி, விடுதியை விட்டு வெளியே விடாமல் வேலை வாங்கிய வரலாறு இருக்கிறது. உலகம் முழுக்க அந்தப் பெயர் அடிபட்டது. அதனால் கொங்குப் பகுதியில் எந்தப் பயிற்சித் திட்டம் வந்தாலும் பெற்றோர் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பே. பணம் மாதாமாதம் வங்கிக் கணக்கில், வேலை நேரம் எழுத்தில், இரவு ஷிஃப்ட் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், புகார் சொல்ல பட்டறைக்கு வெளியே ஓர் ஆள். இந்த ஐந்தையும் சேர்க்கை நாளில் பெற்றோர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத பட்டறை எவ்வளவு பெரியதானாலும் வலையமைப்பில் வேண்டாம்.

பெண் பிள்ளைகளை வைண்டிங்கோடும் செக்கிங்கோடும் நிறுத்திவிடாதீர்கள். சிஎன்சி, தரக்கட்டுப்பாடு, மெஷின் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் அனுப்புங்கள். அதற்கு முன் பட்டறையில் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று ஒருங்கிணைப்பாளர் பார்த்துவிட வேண்டும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், சுழற்சிப் பட்டறைகளை அந்த பஸ் வழித்தடத்தில் தேர்ந்தெடுத்தால் பயணச் செலவு போய்விடும். அரசுப் பள்ளியில் படித்து ஐடிஐ சேர்ந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது, சேர்க்கையின்போதே விண்ணப்பிக்க உதவுங்கள்.

ஒடிசா, பிகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே உழைப்பவர்களையும் மறக்கக் கூடாது. வருடக்கணக்கில் வேலை செய்து கைத்திறன் பெற்றவர்களுக்குச் சான்றிதழ் இல்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் தேர்வுக்கு அவர்களையும் அனுப்புங்கள். பாதுகாப்புப் பாடத்தையாவது இந்தியிலும் ஒடியாவிலும் வையுங்கள்.

படி 10: கைவேலையைச் சேர்ந்தே சோதியுங்கள்

அரசின் தொழில் தேர்வு இருக்கட்டும். அதற்கு முன் வலையமைப்பே ஒரு செய்முறைத் தேர்வு நடத்த வேண்டும். ஒரு டிராயிங், ஒரு மூலப்பொருள், குறிப்பிட்ட நேரம். மதிப்பிடுகிறவர் அந்தப் பழகுநர் வேலை செய்யாத பட்டறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். எல்லாப் பட்டறையும் ஒத்துக்கொண்ட அளவுகோலில் தேறிய பிள்ளைக்கு, "அனுபவம் இருக்கா?" என்ற கேள்வியை உறுப்பினர் யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள். தேறாதவருக்கு எந்தப் பகுதியில் குறை என்று சொல்லி, அந்தப் பகுதியைப் பழக்கும் பட்டறைக்கே ஒரு மாதம் திருப்பி அனுப்புங்கள்.

எந்த மாதத்தில் எது

பத்தாம் வகுப்பு முடிவு மே மாதத்தில் வரும், அதையொட்டி ஐடிஐ சேர்க்கை தொடங்கும். அதற்குள் வலையமைப்பு தயாராக இருக்க வேண்டுமென்றால் பொங்கல் முடிந்ததும் பட்டறை நேர்காணலைத் தொடங்குங்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஒப்பந்தமும் ஒருங்கிணைப்பாளர் நியமனமும். ஏப்ரலில் சுழற்சி அட்டவணை. மே மாதம் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம். அங்கே பட்டறை உரிமையாளரே நேரில் வந்து பேசட்டும்.

முதல் ஆண்டில் பதினைந்து பழகுநருக்கு மேல் எடுக்காதீர்கள். ஆண்டு முடிவில் எத்தனை பேர் முழுதாக முடித்தார்கள், நடுவில் போனவர்கள் ஏன் போனார்கள், முடித்தவர்கள் ஆறு மாதம் கழித்து எங்கே என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள், எத்தனை பட்டறை இரண்டாம் ஆண்டுக்கும் கையெழுத்துப் போட்டது என்ற நான்கை மட்டும் எழுதி, உறுப்பினர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரே தாளாகக் கொடுங்கள். இரண்டாம் ஆண்டுக் கையெழுத்து குறைந்திருந்தால் புதிய பட்டறை தேடுவதை நிறுத்திவிட்டு, விலகியவர்களிடம் போய்ப் பேசுங்கள்.